அன்னக்கொடி மெம்பர் ஆன கதை

போடியில் தோட்டக் கழகம் என்று ஒன்று இருந்தது, அதற்கு நான் பதினோரு வருடம் செயலாளராக இருந்தேன் என்று சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். அப்போதும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் ஏலத்தோட்டம், காப்பித் தோட்டம், இல்லையென்றால் கிணறும் மோட்டாரும் உள்ள கரும்புத் தோட்டம். பூச்செடி வளர்ப்பதற்குப் பெரிய மனிதர்கள் ஒன்றுகூடிக் கழகம் வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் நம்பவில்லை. முதல் கூட்டத்துக்கு ராசிங்காபுரத்திலிருந்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யூரியா எப்போது கொடுப்பீர்கள் என்று இரண்டு முறை கேட்டார். யூரியா கிடையாது என்று தெரிந்ததும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கூட்டத்தில் காரியமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

கழகத்தை 1974-இல் ஆரம்பித்தவர் ராஜாராம் ஐயா. பெரிய ஏலக்காய் வியாபாரி. குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டும் ஊருக்குள் இரண்டு குடோனும் உண்டு. கொடைக்கானலில் ஒரு மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர், கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே கழகத்தை ஆரம்பித்துவிட்டார். தலைவர் அவர். குடையும் கம்பளியும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருந்த ஐசக் ஆகிய நான் செயலாளர். எனக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். விதிகளையும் நான்தான் எழுதினேன். மூன்றாவது விதி: உறுப்பினர் ஆக விரும்புபவருக்குக் காம்பவுண்டு சுவருடன் கூடிய சொந்தத் தோட்டம் இருக்க வேண்டும்.

பதினான்கு பேர் சேர்ந்தார்கள். அதில் ஆறு பேருக்கு மல்லிகைச் செடிக்கும் முல்லைச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. மீதி எட்டுப் பேர் தெரிந்த மாதிரி நடந்துகொண்டார்கள்.

சமூகப் பணி செய்ய வேண்டும் என்று தலைவர் சொன்னார். முதல் வருடம் பஸ் ஸ்டாண்டில் முப்பது மரக்கன்று நட்டோம். ஒரு வாரத்தில் ஆடுகள் முப்பதையும் தின்றுவிட்டன. 'உபயம்: தோட்டக் கழகம்' என்று எழுதிய தகரப் பலகை மட்டும் நின்றது. வெயில் நேரத்தில் அந்தப் பலகையின் நிழலில்தான் ஆடுகள் படுத்திருக்கும். 1976 சுதந்திர தினத்தன்று, ஊருக்குள் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் பின்னால் நாற்பது ரோஜாப் பதியன் நட்டோம். போட்டோ எடுத்துக்கொண்டோம். நட்டவர்களில் யாரும் மறுநாள் தண்ணீர் ஊற்றப் போகவில்லை. தண்ணீர் ஊற்றுவதை யார் செய்வது என்று கூட்டக் குறிப்பில் நான் எழுதவில்லை, அதனால் யாருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்னக்கொடி வந்தது அப்போதுதான்.

அவளுக்கு அன்றைக்கு நாற்பது வயது இருக்கும். ராஜாராம் ஐயாவின் குடோனில் ஏலக்காய் பொறுக்கும் வேலை. மடியில் சொளகை, அதாவது முறத்தை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காய், கறுத்த காயை ஒதுக்கி, நல்ல காயின் காம்பை நகத்தால் கிள்ளிப் போட்டு, சல்லடையில் சலித்துப் பெருசு சிறுசு என்று தரம் பிரிக்கும் வேலை. அவள் அந்தக் குடோனில் இருபது வருடம் இருந்தவள். கையில் ஒரு காயை வாங்கி உருட்டிப் பார்த்து இது எந்த மலைக் காய், பறித்து எத்தனை நாள் ஆச்சு என்று சொல்லுவாள். தங்கச்சியின் பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்தவள், சன்னலுக்கு வெளியே நாற்பது காய்ந்த குச்சிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறாள். சும்மா இருக்க முடியாமல் பால் டம்ளர் கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். பிள்ளை பிறந்தது, தங்கச்சி வீட்டுக்குப் போனாள், இவள் மட்டும் தினமும் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தாள். நாற்பதில் பதினெட்டு தளிர்த்துவிட்டது.

விஷயம் பரவியதும் எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அவளை வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அன்னக்கொடி இந்த வீட்டில் கவாத்து வெட்டிக்கொண்டிருப்பாள், அந்த வீட்டில் எருப் போட்டுக்கொண்டிருப்பாள். பதின்மூன்று வீட்டுத் தோட்டமும் அவள் கையில்தான் இருந்தது. தலைவர் வீடு மட்டும் விதிவிலக்கு. அவருடைய ரோஜாக்கள் மொட்டை மாடியில் இருப்பதாகவும், மற்றவர் கண் பட்டால் வாடிவிடும் என்றும் சொல்லி யாரையும் மேலே விடமாட்டார். ஆனால் 1977-லும் 78-லும் நாங்கள் நடத்திய மலர்க் கண்காட்சியில் முதல் பரிசு அவருக்குத்தான். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ரோஜா ஒன்றைக் கொண்டு வந்து வைப்பார். நாங்கள் கைதட்டுவோம்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு மொக்கையன் என்கிற புது வாட்ச்மேன் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு மலைச் சாலையில் எங்கோ செக்போஸ்டில் தடிக்கம்பு தூக்கிக்கொண்டிருந்தவர். அங்கே லாரியை மறித்தவருக்கு இங்கே மறிக்க ஆள் மட்டும்தான் கிடைத்தது.

"பார்வை நேரம் சாயங்காலம் நாலு மணி. போயிட்டு வா" என்றிருக்கிறார் அன்னக்கொடியிடம்.

"நான் ஆளப் பாக்க வரலண்ணே. செடியப் பாக்க வந்திருக்கேன்."

"செடிக்கும் நாலு மணிதான்."

நாலு மணிக்கு அவள் குடோனில் இருப்பாள். வேலை விட ஆறு ஆகும். காலை வேளையை விட்டால் அவளுக்கு நேரம் இல்லை. கெஞ்சிப் பார்த்த பிறகு மொக்கையன் ஒரு வழி சொன்னார். தோட்டக் கழக உறுப்பினர் அட்டை இருந்தால் காலையிலும் உள்ளே விடலாம் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பதினான்கு பேரிடம் அந்த அட்டை இருந்தது. ஒருவராவது அதைக் காட்டி உள்ளே போனதாக வரலாறு கிடையாது.

1978 தைப்பொங்கலுக்கு முந்தைய வாரம் அவள் என் கடைக்கு வந்தாள். பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் எழுதி வாங்கிய விண்ணப்பம் கையில் இருந்தது. கீழே கைநாட்டு.

"ஐசக் அண்ணே, என்னைய மெம்பரா சேத்துக்கங்க. எனக்கு மேடையும் வேணாம், மாலையும் வேணாம். அந்த அட்டை ஒண்ணு குடுத்தாப் போதும், கேட்டத் தாண்டிருவேன்."

"கமிட்டியில வைக்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வாராவாரம் வந்து கேட்டாள். "கமிட்டி என்ன சொல்லுச்சுண்ணே?" நானும் வாராவாரம் பதில் சொன்னேன். பரிசீலனையில் இருக்கிறது. தலைவர் எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் வரும். கமிட்டி என்றால் அப்படித்தான் என்று அவளும் நம்பினாள். கமிட்டி என்ற சொல்லுக்கு அவள் கொடுத்த மரியாதையைக் கமிட்டியே அதற்குக் கொடுத்ததில்லை.

அதுவரை என்ன செய்வது? அவள் தன் கூட்டாளிகளைத் திரட்டினாள். காலையில் வேலைக்குப் போகிற வழியில், செல்லக்கிளி முதலான ஐந்தாறு பெண்கள் தெருக் குழாயில் ஆளுக்கொரு குடம் பிடித்து, ஆஸ்பத்திரியின் பின் சுவருக்கு இந்தப் பக்கம் கல்லின் மேல் ஏறி நின்று, தண்ணீரை உள்ளே வீசுவார்கள். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் மொக்கையன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். குளித்து முடித்த கோலத்தில் அவர் என் கடைக்கு வந்து செயலாளர் என்ற முறையில் என்னைத் திட்டினார். சுவரை ஒட்டிய செடிகளுக்குத்தான் அந்தத் தண்ணீர் எட்டியது. தள்ளி இருந்தவை ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஒவ்வொரு செடி போகும்போதும் அவள் வந்து என்னிடம் எண்ணிக்கை சொல்லுவாள். பதினெட்டு பதினாறானது, பதினாறு பதின்மூன்றானது. 1979 மாசியில் பதினொன்று மிச்சம்.

அந்த மாசியில்தான் மூன்றாவது கண்காட்சி வந்தது. இந்த முறை பெரிய ஏற்பாடு. பெரியகுளத்திலிருந்து தோட்டக்கலை அதிகாரி ஒருவர் நடுவராக வருகிறார். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்யாண மண்டபத்தில். விடிந்ததிலிருந்தே பூக்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு ரோஜாவின் தண்டிலும் சொந்தக்காரர் பெயரை எழுதிய சீட்டை நூலால் கட்டியிருந்தோம். எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு பூ. அதில் நாலு, அன்னக்கொடி பின்சுவர் மேலிருந்து எட்டிப் பறித்துக் கொண்டு வந்த ஆஸ்பத்திரி ரோஜா. போட்டிக்கு இல்லை, பார்வைக்கு. உறுப்பினர் அல்லாதவருக்குப் பரிசு கிடையாது என்பது ஒன்பதாவது விதி. எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பூக்களைக் கண்ணாடிக் குவளைகளில் அடுக்க ஆள் வேண்டும். தலைவர் தன் குடோனிலிருந்து ஆறு பெண்களை அனுப்பினார். செல்லக்கிளி தலைமை. அன்னக்கொடியை அனுப்பவில்லை, லோடு ஏற்ற வேண்டிய சரக்கு அவள் கையில் இருந்தது. நான் மைக் செட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

"பெருசு வேற, சிறுசு வேற பிரிச்சு அழகா வைங்கத்தா. அதிகாரி வர்றாரு. வெரசா."

என் வாழ்நாளில் நான் கொடுத்த உத்தரவுகளில் முழுசாக நிறைவேற்றப்பட்டது அது ஒன்றுதான்.

அரை மணி கழித்து வந்து பார்த்தேன். குவளைகள் எல்லாம் காலியாக ஓரத்தில் இருந்தன. ஆறு பெண்களும் தரையில் வரிசையாக உட்கார்ந்து முந்தானையை உதறிக்கொண்டிருந்தார்கள். நடுவே மூன்று சொளகு. அறுபத்திரண்டு ரோஜாவும் காம்பு கிள்ளப்பட்டு, வாடிய இதழ் உரிக்கப்பட்டு, மூன்று குவியலாக இருந்தன. தண்டுகளும், அவற்றோடு கட்டிய பெயர்ச் சீட்டுகளும், மூலையில் ஒரு சாக்கில்.

"மொதத் தரம், ரெண்டாந்தரம், மூணாந்தரம்" என்றாள் செல்லக்கிளி பெருமையாக. "முள்ளு கொஞ்சம் சாஸ்திண்ணே. இல்லாட்டி அப்பவே முடிச்சிருப்போம்."

பின்னால் வந்த தலைவர் அந்தக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். மணி மூன்றரை. வந்திருந்த உறுப்பினர்கள் சொளகுகளைச் சூழ்ந்துகொண்டு, இது என் பூ, இல்லை என் பூ என்று இழுத்தார்கள். தங்கள் வீட்டில் பூத்தது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே பூவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடோனுக்கு ஓடினேன்.

அன்னக்கொடி வந்து பார்த்ததும் முதலில் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி செல்லக்கிளி, பூவுக்கும் காம்பு கிள்ளுவியாடி?"

"அழகா வையின்னுதானக்கா சொன்னாரு" என்று செல்லக்கிளி என்னைக் காட்டினாள்.

அன்னக்கொடி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாவதாக ஒரு சொளகைப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு பூவாக எடுத்து, திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்து, பெயர் சொல்ல ஆரம்பித்தாள். "இது வக்கீலய்யா வீட்டுது, கெணத்தடிச் செடி. இது பல் டாக்டரு வீட்டுது. சுண்ணாம்புத் தண்ணி, அதான் ஓரம் வெளுத்திருக்கு. இது மருந்துக் கடைக்காரரு வீட்டுது, வேணாம்னு சொல்லியும் மருந்தடிச்சிருக்காரு." பெயர் சொல்லப்பட்டவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வந்து வாங்கிக்கொண்டார்கள். அவற்றை நான் தட்டுகளில் தண்ணீர் ஊற்றித் தரவாரியாக மிதக்க விட்டேன். நாற்பது பூ முடிந்தபோதுதான் கவனித்தேன், பெரியகுளம் அதிகாரி எப்போதோ வந்து அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் வாங்கி வைத்த மாலையைப் போடக்கூட அவர் குனியவில்லை.

கடைசியில் முதல் தரச் சொளகில் ஒரு பூ மிச்சம் இருந்தது. உள்ளங்கை அகலச் சிவப்பு ரோஜா.

அன்னக்கொடி அதை எடுத்தாள். திருப்பினாள். மூக்கருகே கொண்டுபோனாள். அது யார் கொண்டு வந்தது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அவர். அவள் கேட்ட அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர். தலைவர் வீட்டுது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு ஆத்தா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இது வேற ஊரு சரக்குய்யா" என்றாள். "நம்ம ஊரு வெயில்ல இதழு இம்புட்டுத் தடிக்காது. குளிருல வெளஞ்சது. பறிச்சு ரெண்டு நாளு ஆச்சு. ஈரத் துணியில சுத்தி பஸ்சுல வந்திருக்கு, தடம் இருக்கு பாருங்க."

அதிகாரி வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். "யார் வச்சது?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. சரக்கு என்னன்னுதான் நாங்க சொல்லுவோம். யாருதுன்னு கேக்குற பழக்கம் இல்ல." அந்தப் பூவை நாலாவது சொளகில் தனியாக வைத்தாள். குடோனில் வேறு மலைக் காய் கலந்து வந்தால், அது யார் மூட்டையாக இருந்தாலும் ஒதுக்கி வைப்பார்களே, அதே மாதிரி.

யாரும் உரிமை கொண்டாட வரவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் யாரோ கொண்டு வந்து வைத்திருப்பார்கள் என்று பொதுவாகச் சொன்னார்.

அதிகாரி மூன்று தரத்தையும் சுற்றி வந்து, இரண்டாம் தரத்திலிருந்து ஒரு இளஞ்சிவப்புப் பூவை எடுத்தார். அளவு நடுத்தரம். ஒரு பூச்சிக் கடி இல்லை, வாசனை மண்டபம் முழுக்க வந்தது. "இதுதான் முதல் பரிசு. யாருடையது?"

"ஆஸ்பத்திரியுதுங்க."

"ஆஸ்பத்திரி எப்படிம்மா பரிசு வாங்கும்? வளர்த்தது யாரு?"

ஆறு பெண்களும் ஒரே குரலில் பெயர் சொன்னார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பியதில் உயிர் வந்த தலைவர் எழுந்து நின்றார். "நம்ம அன்னக்கொடிதான்! விதிப்படி உறுப்பினருக்குத்தான் பரிசு. அதனால என்ன? இந்தாம்மா, ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு. இந்த நிமிசமே கையெழுத்துப் போடுறேன்."

"குடுத்துட்டேனேய்யா" என்றாள் அவள். "போன வருசம் பொங்கலுக்கு முந்தியே குடுத்துட்டேன். கமிட்டியில கெடக்குன்னு அண்ணே சொன்னாரு."

தலைவர் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட வரவே இல்லையேய்யா?"

வரவில்லைதான். நான் கொடுக்கவில்லை. காம்பவுண்டு சுவர் இல்லாதவளை, அதிலும் அவருடைய குடோனில் காய் பொறுக்குகிறவளைச் சேர்க்கச் சொன்னால் தலைவர் என்னைக் கடித்துக் குதறுவார் என்று நானாக முடிவு செய்து, ஒரு வருடமாக ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். இங்கே மனிதர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் என் தோல் பையைத் திறந்து, கூட்டக் குறிப்பேட்டுக்கு அடியில் நாலாக மடித்திருந்த காகிதத்தை எடுத்தேன்.

அன்னக்கொடி அதைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"கமிட்டின்னா ஒங்க பையாண்ணே?"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏழு செடி போச்சேண்ணே" என்றாள்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் அப்போதே திட்டியிருந்தால் தேவலாம்.

தலைவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பூ விஷயத்துக்காக அவளை அவர் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கண்காட்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, தன் வீட்டு மொட்டை மாடிக்கு அவளைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு துளசிச் செடியும்தான் இருந்ததாம். "இங்க ரோசா வருமா அன்னக்கொடி?" என்று கேட்டிருக்கிறார். வரும் என்று சொல்லி மறுநாளே மண் சுமந்துவிட்டாள். மூன்றாவது விதியை எல்லோருமாகச் சேர்ந்து அடித்துவிட்டோம்.

அட்டை கிடைத்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரி கேட்டில் நின்றாள். மொக்கையன் அட்டையை இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டு, கதவைத் திறந்தார். பதினொன்று அடுத்த சில வருடங்களில் எண்பதுக்கு மேல் ஆனது. பிரசவத்துக்கு வந்தவர்கள் குச்சி ஒடித்துக்கொண்டு போய் சிலமலை வரைக்கும் நட்டார்கள். பிற்பாடு மொக்கையனே பக்கெட்டில் தண்ணீர் சுமந்தார்.

என்னோடு மட்டும் அவள் பேசவில்லை. கடை வழியாகப் போனால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவாள்.

உறுப்பினராக அவள் வந்த முதல் கூட்டம் பங்குனியில் நடந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் முடிந்து, யாராவது தீர்மானம் கொண்டுவர விரும்புகிறீர்களா என்று தலைவர் வழக்கம்போல் கேட்டார். ஐந்து வருடத்தில் யாரும் கொண்டுவந்ததில்லை. அன்னக்கொடி எழுந்தாள்.

"கழகத்துக்கு யாரு என்ன காகிதம் குடுத்தாலும், அடுத்து வர்ற கூட்டத்துல செயலாளரு அதச் சத்தமா வாசிச்சுப்புடணும்யா. அம்புட்டுத்தான்."

எல்லோரும் கை தூக்கினார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "எழுதுங்கண்ணே" என்றாள்.

எழுதினேன். எழுதி முடித்ததும், "இப்ப வாசிங்க" என்றாள். எழுந்து நின்று, சத்தமாக வாசித்தேன்.